நிலக் கணக்கை அணுகும் இரு வழிகள்: ராயகிரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தென்காசி மாவட்டம், சிவகிரி வட்டத்தைச் சேர்ந்த ராயகிரியின் நில உரிமை விவரங்களை இன்று இரு வழிகளில் காண இயலும். வருவாய்த்துறைப் பணியாளர் அலுவலக வலையமைப்பின் வழியே காண்கிறார். நில உரிமையாளர் இணையத்தின் வழியே காண்கிறார். பதிவு ஒன்றே, அதன்மீது இருவருக்குள்ள உரிமை வேறு. இவ்வேறுபாடு உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கர்ணத்திடமிருந்து கணினிக்கு

ஊர்க்கணக்கு நெடுங்காலம் கர்ணத்தின் பொறுப்பில் இருந்தது. கணக்கை அறிய விரும்பியவர் அவரையே நாட வேண்டியிருந்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டத்தின் வாயிலாகப் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் பதவி உருவானது. உச்சநீதிமன்றம் 1982இல் இதனை உறுதி செய்தது. ஏடு தனிமனிதர் பிடியினின்று அலுவலகத்தின் உடைமையாயிற்று.

1988-89இல் மைய அரசு நிலப்பதிவேடுகளைக் கணினிமயமாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வட்ட அலுவலகக் கணினிகளில் பதிவுகள் ஏறின. எனினும் அவற்றைக் காண மக்கள் வட்ட அலுவலகத்திற்கே செல்ல வேண்டியிருந்தது. 2008இல் தொடங்கிய தேசியத் திட்டமும் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய 'தமிழ்நிலம்' மென்பொருளும் இந்நிலையை மாற்றின.

உள்வழியும் வெளிவழியும்

அலுவலக வலையமைப்புக்குள் பயன்படும் தனி முகவரிகள் 1996இல் வரையறுக்கப்பட்டன. 10 அல்லது 192.168 எனத் தொடங்கும் அம்முகவரிகள் பொது இணையத்தில் செல்லுபடியாகா. எனவே உள்ளிருப்பவர் தரவுத்தள வழங்கியை அடையும் முகவரி, வெளியிலிருப்பவருக்குப் பயன்படாது. நுழைவாயிலில் தரவுத்தளத்திற்கென ஒரு துறையைத் திறந்துவிடலாம். ஆனால் கடவுச்சொல்லை ஊகிக்க முயலும் எவருக்கும் அது வாயிலாகிவிடும். ஆகவே வெளியூரிலுள்ள பணியாளருக்கு மறையாக்கப்பட்ட தனிவழி இணைப்பும், பொதுமக்களுக்கு இடையே நிற்கும் இணைய வழங்கியும் ஏற்ற முறைகளாயின. உரிமையாளரின் கைப்பேசி தரவுத்தளத்தோடு நேரே பேசுவதில்லை. அவர் தரும் பட்டா எண்ணையோ புல எண்ணையோ பெற்று இணைய வழங்கியே வினவுகிறது. விடையை மட்டும் அவருக்குக் காட்டுகிறது.

இவ்விடைத்தடுப்பு பதிவேட்டைக் காக்கிறது. ஆயின் அதற்கொரு விலையும் உண்டு. 2019 நவம்பர் 22இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தது. பழைய ஆவணத்தில் திருநெல்வேலி என்றிருப்பதைக் கண்டு அம்மாவட்டத்தில் தேடுபவருக்கு ராயகிரி கிட்டாது. உள்ளிருக்கும் பணியாளருக்கு இது அன்றாட அறிவு. வெளியிலிருப்பவருக்கோ தம் நிலமே பதிவில் இல்லையோ என்னும் அச்சம்.

முடிவுரை

கர்ணம் காலத்தில் பார்ப்பதும் எழுதுவதும் ஒருவர் கையில் இருந்தன. இன்று பார்க்கும் உரிமை பரவியுள்ளது. எழுதும் உரிமை அலுவலரிடமே நிற்கிறது. எவரும் திருத்தக்கூடிய நிலக்கணக்கு எவருக்கும் பாதுகாப்பாகாது என்பதால் இப்பிரிவு நியாயமானதே. எனினும் தம் பெயரில் பிழையைக் காண்பவருக்கு, அதைத் திருத்தக் கோரும் வழியும் காணும் வழியைப் போன்றே எளிதாதல் வேண்டும். அதுவரை வெளிவழி பாதி திறந்த கதவாகவே இருக்கும்.