தேங்காயெண்ணெய் கப்பலேறிய கதை

2011 டிசம்பர் 30 அதிகாலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய ‘தானே’ புயல் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. புதுச்சேரியின் குருசுக்குப்பம் போன்ற கடலோரத் தெருக்களில் பெட்டிக்கடைக்கு வந்தவர்கள் முதலில் கேட்டது மெழுகுவர்த்தி.

குருசு என்றால் சிலுவை. போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். மெழுகுவர்த்தியும் அந்தச் சிலுவையோடு வந்ததுதான். மெழுகு நமக்குப் புதிதல்ல. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருக்கிச் சிலைக்குக் கரு பிடிப்பதில் சுவாமிமலை ஸ்தபதிகள் பேர்போனவர்கள். ஆனால் நல்லெண்ணெயும் இலுப்பெண்ணெயும் கைக்கெட்டும் ஊரில் மெழுகைக் கொளுத்துவானேன்?

ஐரோப்பியர் பாடு வேறு. தேன்மெழுகு தேவாலயத்துக்கும் பிரபுக்களுக்கும். ஏழைக்கு ஆட்டுக்கொழுப்பு, மாட்டுக்கொழுப்பு வர்த்தி. ஒரே நாற்றம், புகை. கருகிய நுனியை ஓயாமல் கத்தரிக்கவும் வேண்டும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் அது குழைந்தே போயிருக்கும்.

இதற்கு விடிவு தந்தவர் மிஷேல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். கொழுப்பிலிருந்து கிளிசரினைப் பிரித்து, எண்ணெய்ப்பசையைப் பிழிந்தெடுத்தால் கெட்டியான ஸ்டியரிக் அமிலம் மிஞ்சும். அதில் மெழுகுவர்த்தி செய்ய 1825இல் சக வேதியியலாளர் கே-லுசாக்குடன் சேர்ந்து காப்புரிமை வாங்கினார். அதே காலத்தில் கம்பசரேஸ் என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். எரிய எரிய அது வளைந்து, நுனி தானே சாம்பலாகும். கத்தரிக்கோலுக்கு வேலை போயிற்று. ஷெவ்ரல் 102 வயதுவரை வாழ்ந்தார். ஈபிள் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று.

வேடிக்கை இனிமேல்தான். 1830இல் லண்டனில் தொடங்கிய பிரைசஸ் கம்பெனி, தேங்காயெண்ணெயிலிருந்து மெழுகுவர்த்தி செய்ய இலங்கையில் தென்னந்தோப்பே போட்டது. 1840இல் விக்டோரியா மகாராணியின் கல்யாணத்தையொட்டி, திரியைக் கத்தரிக்கத் தேவையில்லாத மலிவான மெழுகுவர்த்தியை விற்பனைக்கு விட்டது. அதில் ஸ்டியரிக் அமிலத்தோடு கலந்திருந்தது தேங்காய்க் கொழுப்பு. நம் பக்கம் அகலில் எரிந்த எண்ணெய், லண்டன் ஜன்னலில் மெழுகுவர்த்தியாக நின்றது!

இன்று எரிவது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின். சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் அது கிடைக்கிறது. சிறு பட்டறையில் வேலை எளிது: அலுமினிய அச்சில் நூலை இழுத்துக் கட்டி, உருகிய மெழுகை ஊற்றி, அச்சைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். ஆறும்போது நடுவில் குழி விழும். மறுபடி கொஞ்சம் ஊற்றி நிரப்புவார்கள். பிறகு அச்சைத் திறந்து, அடியைச் சீவி, அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் நெருங்கினால் அந்தப் பெட்டிகள் கல்லறைத் தோட்டத்து வாசல் கடைகளுக்குப் போகும்.