சரளி வரிசையும் கொருக்குப்பேட்டை கேட்டும்

மார்கழி வந்தா பேப்பர்ல மயிலாப்பூரையும் தி.நகரையும் விட்டா வேற ஊரே கிடையாது. சங்கீதம் என்னவோ கபாலி கோயில் குளத்தங்கரையில் பிறந்து, லஸ் வரைக்கும் நடந்துபோய், அங்கேயே காபி குடிச்சிட்டு உட்கார்ந்துவிட்ட மாதிரி எழுதுவாங்க. நான் கொருக்குப்பேட்டைக்காரன். எங்க ஏரியா பேரைச் சொன்னா ஆபீஸ்ல முக்கால்வாசிப் பேர் "அது எங்கப்பா இருக்கு?"ன்னு கேட்பாங்க. மீதிப் பேர் ரயில்வே கேட்டைப் பற்றிக் கேட்பாங்க. ஆகவே கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் இந்தப் பதிவை ஆரம்பிக்கிறேன் :-)

வடசென்னை வரைபடத்தை எடுத்து வைச்சுக்குங்க. எங்க வீட்டுக்கு வடக்கே மணலி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மணலி முத்துகிருஷ்ண முதலியார் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு வந்து தங்கிய ஊர். அவர் மகன் முத்துசாமி தீட்சிதர் யார்னு சொல்லத் தேவையில்லை. இன்னொரு மகன் பாலுசாமி தீட்சிதர், ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம்ம பாட்டுக்குப் பழக்கினவர். ஆக இன்றைக்கு எந்தச் சபாவில் வயலின் கேட்டாலும் அதில் கொஞ்சம் மணலித் தண்ணி இருக்கு. வடகிழக்கே திருவொற்றியூர். தியாகராஜர் அங்கே வந்து திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனை பாடினார். அவரை வரவழைச்ச சீடர் வீணை குப்பையர் இருந்தது முத்தியால்பேட்டை. வீணை தனம்மாள் இருந்தது ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ண செட்டித் தெரு. அவ்வளவு ஏன், மியூசிக் அகாடமியையே 1928 ஆகஸ்டில் சர் சி.பி. ராமசாமி ஐயர் தொடங்கி வைச்சது எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ.வில்தான். மயிலாப்பூர் அப்புறம்தான்.

சரி, பெருமை போதும். இந்தப் பட்டியலில் ஒரு ஓட்டை இருக்கு. இத்தனை பேர் பக்கத்துலயே இருந்தும், சால்ட் கோட்டர்ஸில் மூட்டை தூக்கினவர் மகளோ, ரயில்வே யார்டுல வேலை செஞ்சவரோ இதைக் கற்றுக்கொள்ள முடிஞ்சுதா? தனம்மாளின் வெள்ளிக்கிழமை சாயங்கால வாசிப்பு அந்தக் காலத்தில் பெரிய விஷயம். ஆனா அது ஒரு வீட்டுக்குள்ளே, தெரிஞ்ச சிலர் முன்னால் நடந்தது. கற்பது அதைவிடக் குறுகின வாசல். குருகுலம் என்றால் குருவின் வீட்டில் வருஷக்கணக்கில் இருக்கணும். தண்ணி எடுக்கணும், துணி துவைக்கணும், அவர் பாடும்போது பின்னால உட்கார்ந்து பிடிச்சுக்கணும். குரு எந்தச் சாதிப் பையனை வீட்டுக்குள் விடுவார் என்ற கேள்வியை நான் விளக்க வேண்டியதில்லை. விட்டாலும், கூலிக்காரன் வீட்டில் பத்து வருஷம் சம்பாதிக்காத பையன் ஒருத்தனை வைச்சிருக்க முடியுமா?

எனக்கு இந்த யோசனை வரக் காரணம், எங்க தெருவில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு வகுப்பை மறுபடி ஆரம்பிக்கலாம்னு ஒரு பேச்சு. அதைக் கேட்ட பெரியவர் ஒருத்தர், நிஜமாவே ஞானஸ்தர், சொன்னார்: "தம்பி, கும்பலா உட்கார வைச்சு சொல்லித்தர இது என்ன வாய்ப்பாடா? சங்கீதம் ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குத்தான் போகும்." அவரை மதிக்கிறேன். ஆனா வரலாறு அவர் சொல்ற அளவுக்கு நேர்க்கோடா இல்லை.

முதல்ல பாருங்க, சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் என்று படிப்படியா ஏறும் பாடத்திட்டம். புரந்தரதாசர் வகுத்தார்னு மரபு சொல்லும். யார் வகுத்திருந்தாலும் அது கும்பலுக்கென்றே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. மாயாமாளவகௌளையில் ஸ்வரங்கள் இரண்டு பாதியிலும் ஒரே இடைவெளியில் உட்காரும். ச-ரி-க-ம பாடத் தெரிஞ்சா ப-த-நி-ச அதே ஏணிதான், கொஞ்சம் மேலே. முப்பது பேர் ஒன்றாகக் கத்தினாலும் யார் இடறினாங்கன்னு வாத்தியாருக்குத் தெரிஞ்சுடும். நம்ம பாஷையில் சொன்னா நல்லா எழுதின லைப்ரரி, யார் வேணும்னாலும் கூப்பிடலாம்.

அடுத்தது அச்சு. 1859-ல் சென்னையில் சங்கீத சர்வார்த்த சார சங்கிரகமு என்ற தெலுங்குப் புத்தகம் வந்தது. அதற்குப் பின்னால் ஜார்ஜ் டவுன் தச்சூர் சிங்காராசாரியார் சகோதரர்கள் பாடப்புத்தகங்களா போட்டுத் தள்ளினாங்க. 1893-ல் சின்னசாமி முதலியார் நம்ம கீர்த்தனைகளை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சடிச்சார். 1904-ல் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. இவங்க எல்லாருக்கும் ஒரே தலைவலி: கமகத்தை எப்படிக் காகிதத்தில் ஏத்துறது? சுப்பராம தீட்சிதர் அதுக்குன்னே குறியீடுகள் உண்டாக்கினார். பெரியவர் கவலை நூறு வருஷத்துக்கு முன்னாடியே இருந்த கவலைதான். ஆனா அவங்க கையைக் கட்டிக்கிட்டு உட்காரல.

இங்கே கொஞ்சம் இங்கிலாந்து போயிட்டு வந்துடலாம். 1840களில் ஜான் கர்வன் என்ற பாதிரியார், நார்விச்சில் சாரா குளோவர் என்ற அம்மா உண்டாக்கின முறையை எடுத்து, டோ-ரே-மி எழுத்துகளை மட்டும் வைச்சுப் பாடம் நடத்தினார். ஐந்து கோடு, புள்ளி, வால் எதுவும் கிடையாது. அச்சடிக்கச் செலவு குறைவு, படிக்க சுலபம். ஆலைத் தொழிலாளிகளும் ஞாயிறு பள்ளிக் குழந்தைகளும் கூட்டம் கூட்டமா பாடக் கத்துக்கிட்டாங்க. அதைப் பற்றிப் படிச்சப்போ எனக்குச் சிரிப்புதான். எழுத்தால ஸ்வரம் எழுதறது நமக்கு எத்தனை காலமா தெரிஞ்ச வித்தை! தெரிஞ்சிருந்தும் ஆலைக்காரனைக் கூப்பிட்டு உட்கார வைக்கத் தோணல, அதுதான் வித்தியாசம். வடக்கே விஷ்ணு திகம்பர் பலுஸ்கருக்குத் தோணிச்சு. 1901-ல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயம் ஆரம்பிச்சார். ராஜா வீட்டுச் சம்பளத்தை நம்பாம, பொதுமக்கள் காசில் நடந்த இசைப்பள்ளி.

சென்னையில் அகாடமி 1931-ல் ஆசிரியர்களுக்கான இசைக் கல்லூரி தொடங்கியது. டைகர் வரதாச்சாரியார் முதல்வர். இது வாத்தியார்களை உருவாக்கும் வேலை, நல்ல வேலை. ஆனா நம்ம யார்டுக்காரருக்கு இன்னும் கதவு திறக்கல.

அந்தக் கதவு திறந்ததுன்னு நான் நினைக்கிறது பாரிமுனைப் பக்கம். தமிழிசை இயக்கம் பற்றி எல்லாருக்கும் தெரிஞ்சது பாஷைச் சண்டைதான். 1941-ல் அண்ணாமலை நகரில் மாநாடு. தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் முக்கிய இடம் வேணும்னு தீர்மானம், அகாடமி பக்கத்திலிருந்து எதிர்ப்பு, கல்கி ஒரு பக்கம் நின்று வரிஞ்சு கட்டி எழுதினது. 1943-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்று தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. முதல் விழா ஜார்ஜ் டவுன் செயின்ட் மேரீஸ் ஹாலில். அடுத்த வருஷமே கல்லூரி. 1952-ல் உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது.

எந்த மொழியில் பாடறது என்ற வாதத்தை விட எனக்கு முக்கியமாத் தெரியறது அந்தக் கல்லூரியின் நேரம். சாயங்கால வகுப்பு. பகல்ல வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் முடிச்சிட்டு வரலாம். குரு வீட்டில் தங்க வேண்டாம், பஸ் ஏறினா போதும். முடிச்சா இசைமணி பட்டம். சீர்காழி கோவிந்தராஜன் 1949-ல் வாங்கினது அந்த இசைமணிதான். அவர் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடமும் தனியாப் பயின்றவர் என்பதையும் சொல்லிடணும், இல்லேன்னா பெரியவர் விடமாட்டார். வகுப்பும் குருவும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கல, ஒரே ஆளுக்குள்ளே ரெண்டும் இருந்தது. அதே 1949-ல் அரசாங்கம் மத்திய கர்நாடக இசைக் கல்லூரியைத் திறந்து முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வரா உட்கார வைச்சது. பிற்பாடு அங்கே பாடம் சொன்னவர்களில் ஒருவர் டி. பிருந்தா. ராமகிருஷ்ண செட்டித் தெரு தனம்மாளின் பேத்தி! பாட்டி வீட்டுக்குள்ளே வைச்சுக் காப்பாத்தின பாட்டு, பேத்தி காலத்தில் வருகைப் பதிவேட்டோடு வகுப்பறைக்கு வந்துடுச்சு.

இப்ப நம்ம ஏரியா. நான் ஆறாவது ஏழாவது படிக்கும்போது கொருக்குப்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஞாயிறு காலை வகுப்பு நடந்தது. இருபத்தைந்து பசங்க, நாலைந்து அம்மாக்கள், ரயில்வேயில் ரிட்டையர் ஆன ரெண்டு பேர். டீச்சர் வண்ணாரப்பேட்டையிலிருந்து வருவாங்க. கேட் போட்டுட்டா கூட்ஸ் வண்டி போற வரைக்கும் அந்தப் பக்கமே நிப்பாங்க, நாங்க இந்தப் பக்கம் சந்தோஷமா கோலி ஆடுவோம்.

அந்த வகுப்பின் பெரிய சிக்கல் சாதியும் இல்லை காசும் இல்லை, சுருதி. பெண்களும் குழந்தைகளும் ஐந்து கட்டையில் பாடுவாங்க. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, மிஞ்சினா ரெண்டு. ஆர்மோனியத்தில் ஐந்து கட்டை வைச்சா ரிட்டையர்டு அண்ணாச்சிகள் மேல் ஷட்ஜத்துக்கு நெருங்கும்போதே முகம் சிவந்துடும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பாடினா, அடியில் ஏதோ லாரி உறுமுற மாதிரி இருக்கும். ஒன்றரை வைச்சா குழந்தைகள் குரல் காத்தாப் போயிடும். டீச்சர் கண்டுபிடிச்ச வழி, முதல் முக்கால் மணி ஐந்து கட்டை, பெரியவங்க தாளம் மட்டும் போடணும். அப்புறம் ஒன்றரை, பசங்க தாளம். மூணு மாசத்தில் எங்க கை தாளம் பிசகவே இல்லை. பாடறதை விட, மத்தவங்க பாடும்போது சும்மா இருந்து தாளம் போடறதுதான் கஷ்டம்னு அங்கேதான் தெரிஞ்சுது.

கமகம் வந்துதான்னு கேட்டா, இல்லை. ஒழுங்கா வரல. முப்பது பேர் சேர்ந்து பாடும்போது அசைவு மழுங்கிடும், காந்தாரம் கோடு போட்ட மாதிரி நேரா நிக்கும். பெரியவர் சொன்னதில் இது முழுக்கச் சரி. தோடி எல்லாம் அந்த ரூமில் நடக்காது. ஆனா அந்த ரிட்டையர்டு அண்ணாச்சிகளில் ஒருத்தர் அறுபது வயசுக்கு மேல முதல் தடவை ஒரு கீதத்தை முழுசாப் பாடி முடிச்சப்போ, அவர் மனைவி வாசல்ல நின்னு கேட்டுட்டிருந்தாங்க. அந்த வீட்டில் யாரும் குருகுலம் போயிருக்க முடியாது. அவங்களுக்கு எதிர்ல இருந்தது குருவா வகுப்பா என்ற கேள்வியே இல்லை. வகுப்பா, ஒண்ணுமே இல்லையா, அதுதான் கேள்வி. அப்புறம் அந்த ரூமை டியூஷனுக்கு எடுத்துக்கிட்டாங்க, வகுப்பு நின்னுபோச்சு. யாரும் சண்டை போடல.

யாழ்ப்பாணத்துக்காரங்க இந்த விஷயத்தில் கெட்டி. வட இலங்கைச் சங்கீத சபை 1931-ல் ஏற்பட்டது. படிநிலைத் தேர்வுகள் வைச்சு, சாதாரண ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஒரே பாடத்திட்டத்தில் ஏறிப்போகலாம்னு ஆக்கிட்டாங்க. புலம்பெயர்ந்த ஊர்களில் சனி ஞாயிறு தமிழ்ப்பள்ளியில் பாட்டு வகுப்பும் சேர்ந்தே நடக்கிறது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சின்னு நினைக்கிறேன். பரீட்சைக்குப் பாடறதால் பாட்டு கெடும்னு சொல்றவங்க உண்டு. கெடட்டுமே, முதல்ல பாடட்டும்.

ஒண்ணு மட்டும் உறுத்துது. எங்க ஏரியாவுக்குன்னு ஒரு பாட்டு இருக்கு, கானா. அதுக்கு எந்தப் பள்ளியிலும் வகுப்பு கிடையாது. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடறவங்க பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் அடுத்த ஆள் வருவான். கூட டோலக், சட்டி, புல்புல்தாரா. இந்த புல்புல்தாரா 1912 வாக்கில் ஜப்பானில் உருவான தைஷோகோட்டோவின் வாரிசு. டைப்ரைட்டர் மாதிரி கட்டையை அழுத்தி வாசிக்கணும். யோசிச்சா, பெரியவர் சொன்ன "ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு" இன்னமும் அப்படியே நடக்கிற இடம் கானாதான். அதை அவர்கிட்ட சொன்னேன், ரசிக்கல. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறினப்போ கானா பாடகர்களைப் பார்க்க அவ்வளவு கூட்டம் வந்துச்சு. ஆனாலும் ஞாயிறு வகுப்புன்னா எல்லார் மனசிலும் ச-ரி-க-ம மட்டும்தான் வருது.

இப்போதைக்கு முடிவானது இவ்வளவுதான். ஞாயிறு காலை, ரெண்டு சுருதி, பழைய டீச்சர் முறையிலேயே. தாளத்துக்கு எங்க தெரு டோலக் அண்ணன் முதல் அரைமணி வர்றதா ஒத்துக்கிட்டார். ஆதி தாளம்னா என்னன்னு கேட்டார், எட்டு எண்ணிக்கைன்னு சொன்னேன். "அட, அதானா"ன்னு மடியில் வைச்சு ஒரு சுத்து வாசிச்சுக் காட்டிட்டார். ரூமுக்கு வாடகை எவ்வளவுன்னு இன்னும் பேசி முடிக்கல.