ஏமம்

ஏமம் (பெயர்ச்சொல்): காவல், பாதுகாப்பு; இன்பம் என்ற பொருளும் உண்டு. ஏமாப்பு இதன் உறவுச்சொல். இன்று பேச்சுவழக்கில் இல்லை.

நாட்டுக்கு அழகு தருபவை என்று திருக்குறள் (738) ஐந்தை எண்ணுகிறது: பிணியற்ற வாழ்வு, பொருள்வளம், விளைச்சல், மகிழ்ச்சி, கடைசியாக ஏமம். விளைச்சலை மூட்டைக் கணக்கில் அளக்கலாம், ஏமத்தை?

எண்ணூரில் அதற்கு விடை தேடலாம். 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம் அருகே உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறிய மக்கள் வீடுகளைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அத்தகைய ஊரில் ஏமத்தின் அளவைகள் எளியவை: கசிந்த எத்தனை நிமிடத்தில் அபாயச் சங்கு ஒலிக்கும்? எந்தத் தெரு வழியே வெளியேறுவது என்று எத்தனை வீட்டாருக்குத் தெரியும்? நடக்க முடியாத முதியவரைத் தூக்கிச் செல்ல ஆள் உண்டா?

சினம் சுற்றத்தையும் சுட்டெரிக்கும் என்னும் குறள் (306), அந்தச் சுற்றத்தை ‘ஏமப்புணை’ என்கிறது. புணை என்றால் தெப்பம். ஆலையின் பாதுகாப்புச் சான்றிதழோடு அக்கம்பக்கத்தாரின் ஒற்றுமையும் ஏமத்தின் கணக்கில் சேர வேண்டும்.