இரைச்சலும் இசையும்

ஒரு காலத்தவரின் இசையை மறுகாலத்தவர் இரைச்சல் என ஒதுக்குவதும், ஒரு வகுப்பாரின் இசையை மற்றொரு வகுப்பார் இசையே அன்று எனத் தள்ளுவதும் வரலாற்றிற்குப் புதியன அல்ல. கண்டி நகரிலிருந்தும் அதனைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களிலிருந்தும் பாடசாலைக்கு வரும் உயர்தர வகுப்பு மாணவருள் ஒரு சிலர் இன்று ‘டெத் மெற்றல்’ என்னும் மேனாட்டு இசையை விரும்பிக் கேட்கின்றனர். 2001இல் ‘பரனோயிட் எர்த்லிங்’ என்ற றொக் இசைக்குழு தோன்றிய நகரம் இது; ஆதலின் மின்கிற்றாரின் முழக்கம் இங்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஆயினும் ஆசிரியர் உலகம் அதனை ‘இரைச்சல்’ என்ற ஒரே சொல்லால் தீர்த்துவிடுகிறது. அச்சொல் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்தல் வேண்டும்.

இவ்விசையின் மூலத்தைத் தேடிச் செல்வோர் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் தொழிற்சாலைகளை வந்தடைவர். அங்கே 1965இல் ரோனி அயோமி என்ற 17 வயதுத் தொழிலாளி, உலோகத் தகட்டை அழுத்தும் இயந்திரத்திற் சிக்கி, வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவர் கிற்றாரின் கம்பிகளை அழுத்தும் கை அதுவே. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். பின்னர் அவற்றின் இறுக்கத்தையும் தளர்த்தினார். 1970இல் வெளிவந்த ‘பிளாக் சபத்’ குழுவின் முதல் இசைத்தட்டிலும் அதனைத் தொடர்ந்தவற்றிலும் உலகம் கேட்ட கனத்த ஒலியில் ஒரு தொழிற்சாலை விபத்தின் தழும்பு உண்டு. அவ்விபத்து மட்டுமே ஓர் இசைவகையைப் படைத்துவிட்டது என்பதன்று. உழைக்கும் கையின் வாழ்வு அவ்விசையினுள்ளே புகுந்துவிட்டது என்பதே கருத்து.

இவ்வழியிலே வந்தவர் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வளர்ந்த சக் ஷுல்டினர். 1967இற் பிறந்த இவருடைய தாய் தந்தையர் இருவரும் ஆசிரியர்கள். தமையன் இளவயதிலே இறந்துபோக, துயரை ஆற்றும் என்ற எண்ணத்தில் 9 வயதுச் சிறுவனுக்குப் பெற்றோர் ஒரு கிற்றாரை வாங்கிக் கொடுத்தனர். அவர் தொடங்கிய குழு 1984இல் ‘டெத்’ எனப் பெயர் பெற்றது. பெரிய நிறுவனங்களின் ஆதரவு கிட்டாத அக்காலத்தில், இளைஞர்கள் ஒலிநாடாக்களைத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பியே இக்குழுவை நாடு கடந்து அறிமுகப்படுத்தினர். 1987இல் வந்த முதல் இசைத்தட்டு திகிற்படங்களின் குருதிக் கோரத்தையே பொருளாகக் கொண்டிருந்தது. அதனை முற்போக்குக் கலை என எவரும் கூறார்.

ஆனால் 1991இல் வெளிவந்த நான்காவது இசைத்தட்டுக்கு அவர் இட்ட பெயர் ‘ஹியூமன்’, அதாவது ‘மனிதன்’. ஜாஸ் இசையில் ஈடுபாடு கொண்ட போல் மஸ்விடால், ஷோன் ரைனர்ட் என்னும் இளைஞர் இருவரும், ஸ்ரீவ் டி ஜோர்ஜியோ என்ற கலைஞரும் அதிற் பங்குகொண்டனர். 8 உருப்படிகள், அரைமணி நேரத்திற்குச் சற்றே மிகுந்த இசை. இதன் உள்ளடக்கம் கோரத்தை விட்டு மனித வாழ்வை நோக்கித் திரும்பியது. சாகும் நோயாளியின் முடிவை வேறொருவர் தீர்மானிக்கும் கொடுமையை ஒரு பாட்டு பேசுகிறது. தம் வீட்டுக் குறைகளைக் காணாது பழியை இசையின்மீது ஏற்றுவோரை மற்றொன்று சாடுகிறது.

இவ்விசைத்தட்டின் கவர்ச்சி யாது? முதல் உருப்படி தொலைவிலிருந்து மெல்ல நெருங்கி வரும் முரசொலியோடு தொடங்குகிறது. பின்னர்த் தாளம் ஓரிடத்தில் நில்லாது மாறிக்கொண்டே செல்கிறது. முரசறைபவரின் இரு கால்களும் இரு கைகளும் வெவ்வேறு கணக்கில் இயங்குகின்றன. உறுமும் குரலோ பாட்டாக அன்றி மற்றுமொரு கருவியாகவே ஒலிக்கிறது. முதன்முறை கேட்பவனுக்கு எல்லாம் ஒரே குழப்பமாகத் தோன்றும். பத்தாம் முறை கேட்கையில் ஒவ்வோர் இழையும் பிரிந்து புலப்படும். உழைத்து இசைத்தவர்கள் கேட்பவனையும் உழைக்கச் செய்கிறார்கள். கருவிகளில் அரிதின் முயன்று பெற்ற தேர்ச்சி இங்கே சினத்திற்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. தன் சினத்திற்கு வடிவம் தேடும் இளைஞன் இதனை நாடுவதில் வியப்பில்லை. சினத்தையும் சந்தை விற்பனைப் பொருளாக்கும் என்பது உண்மையே. எனினும் கலைஞனின் தேர்ச்சி சந்தை தந்ததன்று.

இவ்விடத்தில் நம் மலைகளை நோக்குவோம். 1824இல் கம்பளைக்கு அருகில் கோப்பித் தோட்டம் தோன்றியது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கியது. தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளரோடு தப்பும் வந்தது. வட்டமான மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலை அனலிற் காய்ச்சி, இரு குச்சிகளால் அடிக்கும் அக்கருவியில் சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி என வகுத்திருந்தனர். விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக் களத்திற்கு அழைக்கத் துரையின் ஆணையை ஒலித்ததும் அதுவே. மாசி மாதத்தில் காமன் கூத்துக்காக மக்களின் மகிழ்ச்சியை ஒலித்ததும் அதுவே. ஆணை துரையுடையது, கைத்திறன் தொழிலாளியுடையது.

கண்டிப் பெரஹராவின் மேளக்காரரும் சாதியால் தாழ்த்தப்பட்டவர்களே. எனினும் அவர்தம் கலை விகாரையிலும் பாடசாலைப் பாடத்திட்டத்திலும் இடம் பெற்றது. தப்புக்கு அதற்கொப்பான இடம் கிட்டவில்லை. சாதி அதனைத் தீண்டத்தகாத ஓசையாக்கியது; நகரத்தார் அதனை இரைச்சல் என்றனர். 1948இல் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்த நாட்டில் அவர்களுடைய தாளத்தைக் கேட்கும் செவி எங்ஙனம் இருந்திருக்கும்?

ஷுல்டினருக்கு 1999இல் மூளையிற் கட்டி கண்டறியப்பட்டது. உலகின் மிகப் பெரிய செல்வ நாட்டிலே சிகிச்சைச் செலவைத் தாங்க இயலாது அவர் குடும்பம் தவித்தது. இரைச்சல் எழுப்புவோர் என இகழப்பட்ட சக கலைஞரும் இரசிகரும் இசை நிகழ்ச்சிகள் நடத்திப் பணம் திரட்டினர். 2001 டிசெம்பர் 13ஆம் நாள், 34ஆம் வயதில், அவர் காலமானார். மனிதனைப் பாடியவருக்கு மனிதர் துணை நின்றனர். அரசும் காப்புறுதி நிறுவனங்களும் அத்துணையைத் தந்தில.

ஆசிரியத் தோழர்களே! மாணவன் விரும்பும் இசையைத் தடுப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவனோடு அமர்ந்து ஒருமுறை கேட்போம். தாளக் கணக்கைச் சொல்லுமாறு அவனையே வினவுவோம். பின்னர் மாசியிலே கலஹாவுக்கோ புசல்லாவைக்கோ அவனை அழைத்துச் சென்று, தப்படிப்பவரின் கைகளைக் காட்டி, அக்கணக்கையும் சொல்லுமாறு கேட்போம். புளோரிடாவின் முரசறைவோர் பெயரை அறிந்த மாணவன் அடுத்த மலையின் கலைஞர் பெயரை அறியாதிருப்பதும், அக்கலைஞரின் மகனே சாதி இழிவுக்கு அஞ்சித் தப்பைத் தொடக் கூசுவதும் நாம் தீர்க்க வேண்டிய குறைகள். அதற்கான முதற்பாடத்தை வகுப்பறையிலேயே தொடங்கலாம்.