அயல்நாட்டில் நம் கைப்பணம்



ஊருக்குப் போய்வருவது தோட்டத்து மக்களாகிய நமக்குப் பழகிப்போன பயணம். நம் பாட்டன் காலத்தில் பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கினார்கள். இன்று காலையில் விமானம் ஏறினால் மதியத்திற்குள் சென்னையில் இருக்கிறோம். பயணம் சுருங்கிவிட்டது. ஆனால், கையில் உள்ள பணம் எல்லை தாண்டும்போது என்ன ஆகிறது என்ற கேள்வி மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். அதற்குரிய விடையை நம் வரலாற்றிலேயே தேடிப் பார்ப்போம்.

நாம் ரிங்கிட்டை இன்னும் 'வெள்ளி' என்றுதானே சொல்கிறோம்? அது காரணப் பெயர். முன்பு இங்கே புழங்கியவை மெக்சிகோ முதலிய நாடுகளின் வெள்ளி நாணயங்கள். 1867 ஏப்ரல் 1-ஆம் நாள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்தபோது, ரூபாயை விடுத்து வெள்ளியே இங்குள்ள நாணயம் என்று ஆயிற்று. அன்று முதல் ஊரில் ஒரு பணம், இங்கே ஒரு பணம்.

பிறகு உலகச் சந்தையில் வெள்ளி உலோகத்தின் விலை விழத் தொடங்கியது. அதோடு நம் நாணயமும் விழுந்தது. இந்திய அரசோ, 1893-இல், கொண்டுவருவோர்க்கெல்லாம் வெள்ளியை ரூபாயாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தி, ரூபாயின் மதிப்பைத் தாங்கிப் பிடித்தது. விளைவு என்ன? தொழிலாளி அதே உழைப்பு உழைத்து, அதே எண்ணிக்கையில் வெள்ளியைக் கொண்டுபோனாலும், ஊரில் கிடைத்த ரூபாய் குறைந்தது. அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. காசு எண்ணத் தெரிந்தவர்தான். காசின் மதிப்பை நிறுக்கும் தராசு வேறிடத்தில் இருந்தது.

1906-இல் ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ், என்று மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. அப்போது ஒரு ரூபாய் 16 பென்ஸ். ஆகவே 100 வெள்ளி கொண்டுபோனவருக்கு 175 ரூபாய். 1927-இல் இந்திய அரசு ரூபாயை 18 பென்ஸ் என உயர்த்தியது. அதே 100 வெள்ளிக்கு இப்போது ஏறக்குறைய 155 ரூபாய் 9 அணாதான். பல தோட்டங்களில் ஆணுக்கு நாள்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த காலம் அது. 100 வெள்ளி என்பது ஓர் ஆண்மகனின் 200 நாள் உழைப்பு. அதில் 19 ரூபாய்க்கு மேல் தில்லியில் எழுதிய ஒரு சட்டத்தால் போயிற்று.

இதை நம்மவர்கள் அறியாமலா இருந்தார்கள்? ஓரளவு அறிந்திருந்தார்கள். சிலர் செட்டியார் கிட்டங்கியில் வெள்ளியைக் கட்டி உண்டியல் எழுதி வாங்கினார்கள். சிலர் அஞ்சலகத்தில் மணியார்டர் அனுப்பினார்கள். சிலர் சேமிப்பைப் பவுனாக மாற்றிக் கழுத்திலும் காதிலும் போட்டுக்கொண்டு கப்பலேறினார்கள். தங்கத்தை எந்த ஊரிலும் எடை போட்டு வாங்குவார்கள் என்பது அவர்கள் கண்ட பாடம்.

அதைவிடக் கடுமையான பாடத்தை ஜப்பானியர் காலம் கற்பித்தது. 1942-இல் வந்த அவர்களின் பத்து வெள்ளி நோட்டில் வாழை மரம் அச்சிட்டிருந்ததால் மக்கள் அதை 'வாழைமர நோட்டு' என்றார்கள். கணக்கில்லாமல் அச்சடித்ததால் அதன் மதிப்பு நாளுக்கு நாள் தேய்ந்தது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அந்த நோட்டுகள் செல்லாது என்றார்கள். கட்டுக்கட்டாக வைத்திருந்தவர்களுக்கு அடுப்பெரிக்கவே அது பயன்பட்டது. போருக்கு முந்திய நோட்டை ஒளித்து வைத்திருந்தவர்களின் பணமோ மீண்டும் செல்லுபடியாயிற்று.

சுதந்திரத்திற்குப் பிறகும் இந்தக் கதை முடியவில்லை. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. 155 ரூபாய் பெற்ற 100 வெள்ளிக்கு 245 ரூபாய் கிடைத்தது. ஊருக்குப் பணம் அனுப்புபவருக்கு அது ஆதாயம். முன்பே அனுப்பி அங்கே ரூபாயாகச் சேர்த்து வைத்தவருக்கு அதுவே இழப்பு. அவருடைய 155 ரூபாய் இப்போது 63 வெள்ளிக்குத்தான் ஈடு.

அடுத்த ஆண்டு அடி நம் நாட்டிலேயே விழுந்தது. 1967 ஜூனில் மலேசியாவின் புதிய வெள்ளி வெளிவந்தது. பழைய நோட்டுகளும் கூடவே புழங்கின. நவம்பரில் பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது, பவுண்டோடு கட்டுண்டிருந்த பழைய வெள்ளி, புதிய நாணயத்தில் 85 காசாகச் சரிந்தது. வங்கியை நம்பாமல் பெட்டியிலும் பானையிலும் பணம் வைத்திருந்த ஏழைகளே அதிகம் இழந்தார்கள். பினாங்கில் கடையடைப்பும் கலவரமும் மூண்டன.

அக்கம்பக்க நாட்டுப் பணத்திலும் இப்படித்தான். 1973 மே மாதம் வரை நம் வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் இரு பக்கமும் சரிசமமாகச் செல்லும். ஜொகூர்த் தோட்டத்துக்காரர் பாலம் தாண்டிப் போய்ச் சாமான் வாங்கினால் மாற்றுக் கணக்கே வேண்டியதில்லை. அந்த ஏற்பாடு முடிந்தது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கிறோம்.

கடைசியாக ஒன்று. 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு, இந்தியா 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என அறிவித்தது. 'அடுத்த பயணத்திற்கு ஆகும்' என்று நம் வீட்டு அலமாரிகளில் எடுத்து வைத்திருந்த ரூபாய் நோட்டுகள், கெடு கடந்ததும் வெறும் தாளாயின.

நேயர்களே, இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. பயணம் புறப்படுமுன், வாங்கும் விலை என்ன, விற்கும் விலை என்ன என்று இரண்டையும் கேட்போம். அந்த இடைவெளிதான் மாற்றுபவரின் இலாபம். உரிமம் உள்ள கடையில் மாற்றி, இரசீது வாங்குவோம். மொத்தப் பணத்தையும் ஒரே பையில் வைக்காமல், செலவுக்குச் சில்லறையைத் தனியே வைப்போம். எவ்வளவு பணம் கொண்டுபோகலாம், எவ்வளவு கொண்டுவரலாம் என்ற சட்டத்தை வங்கியில் விசாரிப்போம். எஞ்சிய அயல்நாட்டு நோட்டை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்காமல் மாற்றிவிடுவோம்.

நோட்டில் அச்சிட்ட எண் மாறாது; அந்த எண்ணுக்குக் கிடைக்கும் அரிசியும் துணியும் மாறும். படிக்கவும் எழுதவும் வாய்ப்பில்லாத நம் முன்னோர் இதை இழப்பின் வழியே கற்றார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் கணக்கின் வழியே கற்றுக்கொடுப்போம்.