செயற்கைக்கோள் வழிகாட்டல்: பழவேற்காட்டுக் கடற்பகுதி

வானிலிருந்து வரும் நேரக்குறிகளைக் கொண்டு கடலில் இருப்பிடம் அறியும் முறை. மறைகுறியாக்கத்தைப் போர்க்கருவியாக எண்ணி அரசுகள் பூட்டிவைத்த காலத்தோடு இதன் வரலாறு பிணைந்தது.

பழவேற்காட்டு ஏரி ஆழமற்றது. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பங்கிடும் பாடு முறைப்படி அங்கே இறால் வலை கட்டுவோருக்கு இருப்பிடம் காட்டும் கருவி தேவையில்லை; முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போவோருக்கே அது வேண்டும். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் பிடித்து மீன் படும் இடத்தை மனத்தில் குறிப்பது தமிழகக் கடலோரத்தின் பழைய வழக்கம். கரை கண்ணுக்கு மறைந்தால் விண்மீன்தான் துணை.

பின்னர் வந்த அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தொகுதி இரண்டு அலைக்குறிகளை அனுப்பியது. இராணுவத்துக்கானது மறைகுறியாக்கப்பட்டது, பொதுமக்களுக்கானதில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. அதனால் கருவி காட்டிய இடம் 100 மீட்டர் வரை விலகியது. வலையைக் கிழிக்கும் பாறையை விலக்கிப் போக நினைப்பவருக்கு இது பெரிய தூரம். 2000 மே 2 அன்று அந்தப் பிழை நிறுத்தப்பட்டது.

மறைகுறியாக்க மென்பொருளின் கதையும் இதுவே. 1991இல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி என்ற மறைகுறியாக்க மென்பொருள் இணையம் வழியே வெளிநாடுகளை எட்டியதால், ஆயுத ஏற்றுமதி விதியின்கீழ் அவர்மீது மூன்றாண்டு விசாரணை நடந்தது. 1996இல் வழக்கின்றி முடிந்தது. 2000 ஜனவரியில் அமெரிக்க விதிகள் தளர்ந்தன. இந்தியாவும் தன் பங்குக்குப் பூட்டியது: 1999இன் இணையச் சேவை உரிம விதிப்படி 40 பிட்டுக்கு மேற்பட்ட மறைகுறியாக்கத்துக்கு அனுமதி பெற வேண்டியிருந்தது. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான வாசனார் உடன்பாட்டில் இந்தியா 2017இல் சேர்ந்தது; மறைகுறியாக்கப் பொருள்கள் அதன் ‘ஸ்கோமெட்’ ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் உள்ளன.

ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 ஜூலை 1 அன்று இந்தியாவின் முதல் வழிகாட்டல் செயற்கைக்கோள் ஏறியது. 2016 ஏப்ரலில் ஏழாவது. நாவிக் எனப்படும் இத்தொகுதியிலும் எல்லாருக்குமான திறந்த சேவை ஒன்று, மறைகுறியாக்கப்பட்ட சேவை ஒன்று. ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டார் கடலுக்குப் போகக் கூடாது. அன்றைய வருமானம் போய்விடும். 

2017இன் ஒக்கி புயலுக்குப் பின், கரையின் தொடர்பு எட்டாத தொலைவிலும் புயல் எச்சரிக்கை பெறும் நாவிக் கருவிகள் படகுகளுக்கு வழங்கப்பட்டன. 2023 மே 29 அன்று ஏறிய என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் முந்தையவற்றில் இல்லாத எல்1 அலைவரிசை உண்டு; சிறிய, விலை குறைந்த கருவிகளும் அதைப் பெற முடியும்.