512 பைட்டில் ஒரு பாகப்பிரிவினை

ஐபிஎம் நிறுவனம் 1983 மார்ச் மாதம் பிசி எக்ஸ்டி என்னும் கணினியை 10 மெகாபைட் வன்தட்டுடன் வெளியிட்டபோது, உடன் வந்த டாஸ் 2.0 பதிப்பில் எஃப்டிஸ்க் என்ற சிறு நிரலும் இடம்பெற்றிருந்தது. ஒரே வன்தட்டைக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூற்றையும் தனித் தட்டுப் போலப் புழங்க வழிசெய்வது அதன் பணி. அக்கூறு பார்ட்டிஷன் எனப்பட்டது. வெறும் 10 மெகாபைட்டைப் பங்குபோடுவானேன் என்று இன்று தோன்றலாம். ஆனால் அக்காலத்தில் டாஸ் தனிக்காட்டு ராஜாவாகியிருக்கவில்லை. சிபி/எம்-86 போன்ற இயங்குதளங்களும் களத்தில் இருந்தமையால், ஒரே தட்டில் நான்கு இயங்குதளங்கள் வரை குடியிருக்க இடம் விட்டே அந்த ஏற்பாடு வகுக்கப்பட்டது. ஆகவே, இரட்டைத் துவக்கம் என்பது லினக்ஸ் ஆர்வலர்கள் பின்னாளில் செய்த ஒட்டுவேலை என்ற எண்ணம் பிழையானது.

தட்டின் முதல் செக்டர் 512 பைட் கொண்டது. அதில் 446 பைட் துவக்க நிரலுக்கும், 64 பைட் பங்கீட்டுப் பட்டியலுக்கும், கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கும் ஒதுக்கப்பட்டன. பட்டியலின் நான்கு பதிவுகளும் தலைக்கு 16 பைட் பெற்றன: பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எதிலிருந்து கணினி துவங்க வேண்டும் என்பவற்றோடு, அது எந்த இயங்குதளத்துக்கு உரியது என்று சொல்லும் ஒரு பைட்டும் அதில் உண்டு. இந்த வகைக் குறியீடுகளை ஒதுக்கித்தரப் பொது அதிகாரம் எதுவும் இல்லாததால் மோதல்கள் நேர்ந்தன. லினக்ஸ் தன் ஸ்வாப் பகுதிக்கு, அதாவது நினைவகம் நிரம்பும்போது தரவை ஒதுக்கி வைக்கும் இடத்துக்கு, வைத்துக்கொண்ட 82 என்ற குறியீட்டையே சோலாரிஸ் இயங்குதளமும் பயன்படுத்தியது.

லினக்ஸின் பிறப்பிலேயே பார்ட்டிஷனுக்குப் பங்குண்டு. 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ், மோடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக வன்தட்டுக்கே அனுப்பி, மினிக்ஸ் இயங்குதளம் இருந்த பகுதியைப் பாழாக்கிக்கொண்டார். அதை மீண்டும் நிறுவுவதைவிடத் தாம் எழுதிவந்த நிரலையே முழு இயங்குதளமாக வளர்ப்பது என்று அவர் முடிவுசெய்ததற்கு அவ்விபத்தும் ஒரு காரணம்.

அடுத்த சில ஆண்டுகளில் லினக்ஸை நிறுவுவது துணிச்சலான காரியமாகவே இருந்தது. தட்டு முழுவதையும் டாஸ் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்க, தரவை அழிக்காமல் அதன் பகுதியைச் சுருக்க ஃபிப்ஸ் என்ற கருவி உதவியது. அதற்கு முன்பாகச் சிதறிக் கிடக்கும் கோப்புகளை டிஃப்ராக் கொண்டு தட்டின் முற்பகுதிக்கு ஒதுக்கியாக வேண்டும். பின்னர் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ, எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்டுத் துவக்கிவைத்தது. கோப்பு முறைமையை அறியாத அந்நிரல், இயங்குதளத்தின் மையநிரலான கர்னல் கிடக்கும் செக்டர்களின் முகவரிகளை மட்டுமே குறித்துவைத்துக்கொண்டதால், கர்னலை மாற்றியவர் லிலோவை மறுபடி இயக்க மறந்தால் கணினி துவங்காமல் போகும். படிக்கு ஓர் எழுத்தாகத் தன் பெயரைத் திரையில் காட்டும் அந்நிரல் கோளாறு நேர்கையில் "எல்ஐ" என்ற இரண்டெழுத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. கணினியைத் துவக்கும் பழைய பயாஸ் நிரல் 1024 சிலிண்டர்களுக்கு அப்பால் படிக்க இயலாதது என்பதால், கர்னலுக்கெனத் தட்டின் தொடக்கத்திலேயே சிறு பகுதி ஒதுக்கும் வழக்கமும் வந்தது. 1995இல் எரிக் போலின் ஹர்ட் இயங்குதளத்துக்காகத் தொடங்கிய, கோப்பு முறைமைகளைத் தானே படிக்கவல்ல கிரப் என்னும் துவக்க நிரல் பின்னர் லிலோவின் இடத்தைப் பிடித்தது.

விண்டோஸ் இந்தப் பங்கீட்டைப் பெரிதாக மதிக்கவில்லை. அதை மறுபடி நிறுவினால் முதல் செக்டரின் துவக்க நிரலைத் தன்னுடையதாக மாற்றி எழுதிவிடும். லினக்ஸ் தட்டில் அப்படியே இருந்தும் உள்ளே நுழைய வழியில்லாமல் போகும். இதனால் விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பிறகும் நிறுவுவது எழுதப்படாத விதியாயிற்று. பகுதியைச் சுருக்கும் வசதி விண்டோஸிலேயே விஸ்டா பதிப்பில்தான் வந்தது. என்டிஎஃப்எஸ் பகுதிகளைச் சுருக்கும் கட்டற்ற கருவி அதற்கு முன்பே 2002இல் லினக்ஸ் உலகில் கிடைத்துவிட்டது.

பழைய பட்டியலின் 32 பிட் எண்கள் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ண இயலாதவை. யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையோடு வந்த ஜிபிடி பட்டியலில் வழக்கமாக 128 பதிவுகளுக்கு இடமுண்டு. துவக்க நிரல்களும் முதல் செக்டரில் முட்டிமோதாமல், பொதுவான ஒரு ஃபேட் பகுதியில் தத்தம் அடைவுகளில் அமர்ந்தன. இடத்தகராறு இவ்வாறு பெரும்பாலும் தீர்ந்தபோது நுழைவுரிமைத் தகராறு முளைத்தது: 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவிய செக்யூர் பூட், கையொப்பம் சரிபார்க்கப்படாத துவக்க நிரலை இயக்க மறுக்கிறது. பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாஃப்டின் சாவியே முன்கூட்டிப் பதிக்கப்பட்டிருப்பதால், முதன்மையான லினக்ஸ் வெளியீடுகள் ஷிம் என்னும் சிறு நிரலுக்கு அந்நிறுவனத்திடமே கையொப்பம் பெற்று, அதன் வழியாகத் தங்கள் கிரப்பைத் துவக்கிக்கொள்கின்றன.